எர்த் பார்த்துவிட்டு கார் வாங்குங்கள்

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மின்சாரக் கார் சார்ஜிங் பற்றியவை. அதனால் மோட்டார் ஸ்டார்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். கோயம்புத்தூரில் வயரிங் ஒப்பந்த வேலை செய்கிறவன் நான். காரைவிட, கார் செருகப்படும் சுவரைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கவலைப்பட வேண்டிய இடமும் பெரும்பாலும் அந்தச் சுவர்தான்.

*

ஐயா, மகன் போன மாதம் மின்சாரக் கார் வாங்கினான். கூடவே கொடுத்த சார்ஜரை போர்ட்டிகோவில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. எங்கள் ஊர் வயர்மேன் வந்து சாக்கெட்டைக் கழற்றி உள்ளே ஒரு சின்ன வயர் துண்டு போட்டார். உடனே பச்சை விளக்கு வந்துவிட்டது. ஆனால் நேற்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது என் மனைவி கார்க் கதவைத் தொட்டதும் சுருக்கென்று இழுத்ததாம். பயப்பட வேண்டியதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பயப்பட வேண்டும் ஐயா. முதலில் போய் அந்த பிளக்கின் சுவிட்சையும், அந்த லைனின் எம்.சி.பி.யையும் (லோடு மீறினால் தானாக விழும் மெயின் போர்டு சுவிட்ச்) அணைத்துவிடுங்கள். அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

சார்ஜர் பெட்டி காருக்குக் கரண்ட் விடுவதற்கு முன்னால் எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அது பெட்டியின் பழுது இல்லை. உங்கள் வீட்டில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை என்று அது உங்களிடம் சொல்கிறது. வயர்மேன் போட்ட துண்டு, சாக்கெட்டுக்குள் நியூட்ரல் முனையையும் (கரண்ட் திரும்பிப் போகிற கம்பி) எர்த் முனையையும் சேர்த்துவிட்டிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை லூப் என்பார்கள். நியூட்ரல் கம்பி தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மண்ணோடு இணைந்திருப்பதால், பெட்டி அதையே எர்த் என்று நம்பிப் பச்சை காட்டுகிறது.

இதில் என்ன கெடுதல் என்று பல வயர்மேன்களே கேட்பார்கள். அதனால் விவரமாகவே சொல்கிறேன். இந்த லூப் போட்ட நிமிடத்திலிருந்து உங்கள் காரின் இரும்பு உடம்பு முழுக்க வீட்டு நியூட்ரலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நியூட்ரலில் எப்போதும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும். தெருவில் லோடு ஏற ஏற அதுவும் ஏறும். உங்கள் மனைவிக்குச் சுருக்கென்றது பெரும்பாலும் அந்த வோல்டேஜ்தான். அது சின்ன ஆபத்து.

பெரிய ஆபத்து, நியூட்ரல் எங்காவது அறுந்தால் வருவது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரில் காற்றுக்கு ஒரு முடிச்சு விடலாம். மீட்டர் போர்டில் ஒரு திருகு தளரலாம். இதெல்லாம் நம் ஊரில் நடக்காததா? அப்படி விட்டுப்போனால் வீட்டில் எல்லாம் அணைந்துவிடும், கரண்ட் போய்விட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் ஃபேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் கம்பி, உயிரோடுதான் இருக்கும். அது ஃப்ரிட்ஜ், விளக்கு என்று ஆனில் இருக்கிற எல்லாவற்றின் வழியாகவும் நியூட்ரலுக்குள் வந்து, திரும்பிப் போக வழி இல்லாமல், லூப் வழியாகக் காரின் உடம்புக்கு வந்து நிற்கும். கார் ரப்பர் டயரில் நிற்பதால் அந்தக் கரண்ட் மண்ணுக்கு இறங்காது. வாசல் தெளித்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவர் கதவைத் தொட்டால் அவர் வழியாகத்தான் இறங்கும்.

கம்பத்தில் வேலை பார்த்தபோது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால் இன்னும் மோசம். அப்போது எதுவும் அறுந்துபோகவே வேண்டாம், 230 வோல்ட் நேராகக் காரின் உடம்பில் இருக்கும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இருக்கிறதே, விழுந்துவிடாதா என்று கேட்பீர்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. காருக்குள் கசிவு ஏற்பட்டு உடம்புக்குக் கரண்ட் வந்தாலும், அது லூப் வழியாக நியூட்ரலிலேயே திரும்பிவிடும். கணக்கு சரியாக இருப்பதால் ஆர்.சி.சி.பி. அசையாது. ஒரு துண்டு வயர் பெட்டியின் கண்ணையும் கட்டிவிட்டது, ஆர்.சி.சி.பி.யின் கண்ணையும் கட்டிவிட்டது.

சரி, செய்ய வேண்டியது என்ன? அந்தத் துண்டை எடுத்துவிட்டு, புதிதாக எர்த் குழி போடுங்கள். உங்கள் ஊர் காவிரிப் படுகை, ஈரம் பிடிக்கிற மண், நல்ல எர்த் கிடைப்பது சுலபம். எங்கள் பக்கம் பாறை நிலத்தில்தான் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. பைப் எர்த் என்றால் குறைந்தது 38 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள ஜி.ஐ. பைப், இரண்டரை மீட்டர் நீளம். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இறக்கச் சொல்லுங்கள். கரியும் உப்பும் போட்டு மூடியதோடு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, தடை எத்தனை ஓம் என்று உங்கள் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். குழியிலிருந்து மெயின் போர்டு வரை, மெயின் போர்டிலிருந்து போர்ட்டிகோ சாக்கெட் வரை, எர்த் கம்பி நடுவில் எங்கும் விடாமல் வர வேண்டும். பழைய வீடுகளில் குழி நன்றாகவே இருக்கும், சாக்கெட்டுக்கு எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரால் சாக்கெட்டின் மூன்று துளைகளிலும் அளக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு, மூன்று வோல்ட். இந்தக் கடைசி அளவு அப்பழுக்கில்லாத பூஜ்யமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஏ.சி.யையும் கீசரையும் போட்டுவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் பூஜ்யம் அசையவில்லை என்றால் எங்கோ இன்னொரு லூப் ஒளிந்திருக்கிறது, தேடச் சொல்லுங்கள். கார் வாங்கப் போகும் மற்ற வாசகர்களும், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்று அளவையும் எடுத்துவிடுவது நல்லது. இந்த ஐந்து நிமிட வேலைக்கு முன்னால் எத்தனை டெஸ்ட் டிரைவ் போனாலும் வீடு தயாரா என்பது தெரியாது.

*

இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் பிளக்கைப் பிடுங்கினால் கை சுடுகிறது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகிவிட்டது. கருகல் வாடையும் வருகிறது. அதே சாக்கெட்டில்தான் முன்பு கீசர் பல வருடம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை. சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதுமா?
– பனியன் கம்பெனி கணக்கர், திருப்பூர்

கீசர் கால் மணி நேரம் ஓடும், தெர்மோஸ்டாட் அணைத்துவிடும், சாக்கெட் ஆறிவிடும். கார் எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் இழுக்கும். நம் வீட்டில் வேறு எந்தப் பொருளும் இந்த அளவு கரண்டை இவ்வளவு நேரம் விடாமல் எடுப்பதில்லை. அதனால் கீசர் தாங்கிய சாக்கெட் காரையும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு பாருங்கள். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கிற பித்தளை நாக்கு கொஞ்சம் தளர்ந்து, அந்த இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியர் ஓடினால் அந்தப் புள்ளியில் மட்டும் 22.5 வாட் சூடு. மொபைல் ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதை இரவு முழுக்க உங்கள் சுவருக்குள் சொருகி வைத்த மாதிரி. அதே இடத்தில் 10 ஆம்பியர் ஓடினால் சூடு 10 வாட்டாக இறங்கிவிடும். கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, சூடு பாதிக்கும் கீழே போகிறது. ஆகவே உங்கள் சார்ஜரிலோ கார்த் திரையிலோ ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10-ல் வையுங்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை 20 யூனிட் ஏறும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் 120 கிலோமீட்டர். திருப்பூருக்குள் அலுவலகம் போய் வர அதற்கு மேல் எதற்கு?

சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. இப்படிப் பழுப்பேறிய ஒரு சாக்கெட்டை அண்மையில் பல்லடம் ரோட்டில் ஒரு வீட்டில் கழற்றினேன். ஃபேஸ் திருகு கை விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதில் மாட்டியிருந்த வயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, மடக்கினால் முட்டை ஓடாக உதிர்ந்தது. உள்ளே செம்பு பளபளப்பு போய்க் கறுத்திருந்தது. அந்த வயரை அப்படியே புது சாக்கெட்டில் மாட்டினால் சில வாரங்களில் புது சாக்கெட்டும் கருகும். கருகிய பகுதியை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு நல்ல செம்பு தெரிகிற இடத்திலிருந்துதான் மாட்ட வேண்டும். வயர் எட்டாது என்றால் புதிதாக இழுக்க வேண்டும், நடுவில் முறுக்கி டேப் சுற்றி நீட்டக்கூடாது.

என்னைக் கேட்டால் காருக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் போடுங்கள். 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி. அந்த லைனில் வேறு ஒரு பல்பு கூட மாட்டக்கூடாது. சாக்கெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, அல்லது தொழிற்சாலைகளில் பார்க்கிற நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். அந்த நீலச் சாக்கெட் பின்னை இறுக்கிப் பிடிக்கும், மூடியும் இருக்கும். ஆனால் அதில் செருகுவதற்கு ஏற்ற சார்ஜர் உங்களிடம் இருக்க வேண்டும். நடுவில் கன்வெர்ட்டர் பின் போட்டுச் சேர்க்காதீர்கள்.

சார்ஜரின் பிளக் பின்னும் கறுத்திருக்கிறதா பாருங்கள். கறுத்திருந்தால் அதை வெட்டிவிட்டு கடை பிளக் மாட்ட வேண்டாம். சில சார்ஜர்களில் பிளக்குக்குள்ளேயே சூட்டை உணரும் பொருள் வைத்திருப்பார்கள். வெட்டினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். சர்வீஸ் சென்டரில் மாற்றித்தான் வாங்க வேண்டும். புது லைன் போட்ட முதல் இரவு, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

*

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கார் கீழே தெருவில். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இறக்கி சார்ஜ் போடலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. எவ்வளவு தடித்த வயர் என்றாலும் கூடாது. சார்ஜிங் இடங்களுக்கு மத்திய மின்சார ஆணையம் 2019-ல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளிலேயே எக்ஸ்டென்ஷன் வயரும் அடாப்டரும் கூடாது என்று இருக்கிறது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், அங்கிருந்து காரின் இணைப்பு 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. தெருவில் போகிற குழந்தை தொடும் உயரத்தில் உங்கள் வீட்டு 230 வோல்ட் தொங்கக்கூடாது. வீட்டுக்காரரிடம் பேசி, உங்கள் மீட்டரிலிருந்து கீழே கேட் அருகில் பைப் போட்டு ஒரு லைன் இறக்க அனுமதி கேளுங்கள். காலி செய்யும்போது அதை அவருக்கே விட்டுவிடுவதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அதுவரை பொது சார்ஜிங் நிலையம்தான் வழி.

*

மழையில் சார்ஜ் போடலாமா? எங்கள் பகுதியில் வெள்ளமே வரும், அப்போது என்ன செய்வது?
– ஐ.டி. ஊழியர், வேளச்சேரி, சென்னை

மழையையும் வெள்ளத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

சார்ஜர் கேபிளின் நுனியில் உள்ள, காரில் செருகும் பிடியைக் கன் என்போம்; டைப் 2 கன்னில் ஏழு பின் உண்டு. அதில் சின்னதாக இருக்கிற இரண்டும் காரோடு பேசுவதற்கு. கன் சரியாகப் பொருந்தி, கார் ‘நான் தயார்’ என்று சைகை கொடுத்த பிறகுதான் பெரிய பின்களுக்கு கரண்ட் வரும். கழற்றப் போகும்போது கரண்ட் முதலில் நின்றுவிடும். ஆகவே கன்னைக் கையில் பிடித்திருக்கும்போது அதன் வாயில் கரண்ட் இல்லை. செருகிய பிறகு மேலே தூறல் விழுவதால் ஆபத்து இல்லை. கன்னைச் செருகுவதற்கு முன்னால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் உதறிவிட்டுக் காயவிடுங்கள்.

ஆபத்து மறுமுனையில். சுவர் பிளக்குக்கு இந்தப் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது, சுவிட்சைப் போட்டதும் அதில் கரண்ட். சாரல் அடிக்கிற சுவரில் அந்தச் சாக்கெட் இருக்கக்கூடாது. இருந்தே ஆக வேண்டும் என்றால் மூடியுள்ள வெதர்புரூஃப் பெட்டிக்குள். சார்ஜர் பெட்டியைத் தரையில் போடாதீர்கள், ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். அதன் எடை பிளக்கில் தொங்கினாலும் பின் தளரும்.

வெள்ளம் வேறு கதை. 2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எச்சரிக்கை வந்ததும் காரைக் கழற்றி, அந்த லைனின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். 2024 அக்டோபரில் உங்கள் ஊர்க்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை நிறுத்தினார்களே, அது சரியான யோசனைதான். பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிய பிறகு சார்ஜரைக் கழற்ற யாரும் தண்ணீருக்குள் இறங்கக்கூடாது. மேலேயிருந்து மெயினை அணைக்க முடிந்தால் அணையுங்கள், முடியாவிட்டால் மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையத்துக்கு போன் செய்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டதா? ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், காய்ந்துவிட்டதே என்று சார்ஜும் போடாதீர்கள். பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அன்றைக்கே ஒன்றும் தெரியாது. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலில் கடல் தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் கார்களில் சில, தண்ணீர் வடிந்து நாள் கணக்கில் கழித்துத் தீப்பிடித்தன. உப்புத் தண்ணீர் மிக மோசம். அப்படிப்பட்ட காரை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு, சர்வீஸ் சென்டரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

*

இடி மின்னலின்போது?
– வாசகி, தென்காசி

கழற்றிவிடுங்கள். ஆனால் மின்னல் வெட்டத் தொடங்கிய பிறகு அதற்காக வெளியே ஓடாதீர்கள். வானம் இருட்டும்போதே செய்துவிட வேண்டும். மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் பொருள்) ஒன்று மாட்டி வையுங்கள். அதற்கும் நல்ல எர்த் இருந்தால்தான் வேலை.

*

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பேஸ்மென்ட்டில் சார்ஜிங் கூடாது, பேட்டரி வெடிக்கும் என்கிறார்கள். சட்டத்தில் இடம் உண்டா? எப்படிப் பேசுவது?
– வாசகி, சரவணம்பட்டி, கோயம்புத்தூர்

நம் ஊர்க்காரர் நீங்கள், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன் அம்மா: சண்டைக்குப் போகாதீர்கள், வரைபடத்தோடு போங்கள். வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலிருந்து சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் பேஸ்மென்ட் சுவரும் கேபிள் வரும் வழியும் எல்லோருக்கும் பொது. அவர்கள் சம்மதம் இல்லாமல் நிம்மதியாக இருக்க முடியாது.

அவர்கள் பயத்தைத் தள்ளிவிடவும் கூடாது. 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாகத் தீப்பிடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் வண்டி பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரங்கள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. இதைச் சங்கத்தில் எடுத்துச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு வருவதுபோல இதில் வராது என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம் இதைக் கேளுங்கள்: உங்கள் சொந்த மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை, பைப்புக்குள் தனி கேபிள், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பேஸ்மென்ட் நுழைவாயிலில் எல்லா சார்ஜர்களையும் ஒரே தட்டில் அணைக்கும் எமர்ஜென்சி சுவிட்ச். இந்தச் சுவிட்சை நீங்களே முன்மொழிந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். தீயணைப்பு வீரர் வந்ததும் முதலில் தேடுவது அதைத்தான்.

சங்கம் உண்மையில் யோசிக்க வேண்டியது லோடு. இன்றைக்கு உங்கள் ஒரு கார். நாளைக்குப் பத்துப் பேர் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் 72 கிலோவாட். அதே பத்துப் பேர் 3.3-ல் போட்டால் 33. பழைய கட்டடத்தின் கேபிளும் பேனலும் எதைத் தாங்கும் என்று ஒரு மின் ஒப்பந்ததாரரை வைத்து இப்போதே கணக்குப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கும் ஒழுங்கு கிடைக்கும். அனுமதி தராமலே இருந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? வாட்ச்மேன் அறை பிளக்கிலும் லிஃப்ட் அறை பிளக்கிலும் ராத்திரி ரகசியமாகச் செருகுகிறார்கள். அதுதான் கட்டடத்துக்கே ஆபத்து.

கழற்றி எடுக்கிற ஸ்கூட்டர் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூங்கும்போது வாசல் கதவருகில் அதைச் செருகி வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அதுதான்.

*

3.3 கிலோவாட்டா, 7.2 கிலோவாட்டா? எது நல்லது? எங்கள் வீட்டில் த்ரீ ஃபேஸ் இருக்கிறது.
– மளிகைக்கடை உரிமையாளர், சேலம்

இரவில் கார் சும்மா நிற்கும் வீட்டுக்கு 3.3 தாராளம். தினமும் 200 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 7.2 தேவைப்படும். உங்கள் கார் 7.2-ஐ வாங்குமா என்று முதலில் பாருங்கள், சின்னக் கார்கள் சில 3.3-க்கு மேல் எடுக்காது.

7.2 என்றால் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர். த்ரீ ஃபேஸ் இருந்தாலும் பெரும்பாலான கார்கள் ஒரு ஃபேஸிலிருந்துதான் எடுக்கும். அதனால் ஏ.சி., கீசர் இல்லாத ஃபேஸில் காரை மாட்டச் சொல்லுங்கள். ஃபேஸ் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் உள்ள வீடுகளில் இன்னும் கவனம் தேவை. ஒரு ஃபேஸ் போனதும் எல்லாவற்றையும் அடுத்ததில் தள்ளிவிடுவோம், கார் அதில் ஓடிக்கொண்டிருக்கும். 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், தூரம் அதிகம் என்றால் 10. உங்கள் மின் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைப் பார்த்து, குறைவாக இருந்தால் கூட்டித் தரச் சொல்லி மின்வாரியத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். யூனிட் ஸ்லாப் ஏறுவதையும் கணக்கில் வையுங்கள்.

ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், ‘ஏ’ டைப். கடையில் கொடுப்பதை அப்படியே வாங்காதீர்கள். அதன் முகத்தில் சின்னச் சதுரத்துக்குள் ஒரே ஒரு நெளிகோடு மட்டும் இருந்தால் அது ‘ஏ.சி.’ டைப், பழைய வீடுகளில் இருப்பது. நெளிகோட்டுக்குக் கீழே இரண்டு மேடுகள் வரைந்திருந்தால் அது ‘ஏ’ டைப். காருக்குள் ஏ.சி. கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது) டி.சி.யாக (ஒரே திசையில் ஓடுவது) மாறுவதால் கசிவும் டி.சி.யாக வரலாம், ‘ஏ.சி.’ டைப் அப்போது மந்தமாகிவிடும். சுவரில் மாட்டும் சார்ஜர் வாங்கும்போது அதற்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘பி’ டைப் ஆர்.சி.சி.பி. வாங்க வேண்டும், அது விலை அதிகம். எந்த ஆர்.சி.சி.பி. ஆனாலும் மாதம் ஒரு முறை அதன் ‘டி’ (டெஸ்ட்) பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய வெறும் பிளாஸ்டிக்.

*

கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டரில் போட்டால் சார்ஜர் எர்த் பிழை காட்டுகிறது. வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, அந்தரத்தில் இருக்கும். அதனால்தான் சார்ஜர் மறுக்கிறது. அதற்காக நீங்களே எதையும் சேர்த்துவிடாதீர்கள், வீட்டு லைனோடு ஜெனரேட்டர் மோதும் இடம் அது. கார் ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் நிற்கட்டும்.

*

தினமும் 100 சதவீதம் ஏற்றலாமா? இன்னொன்று, கன்னின் பின்களில் பச்சையாக ஏதோ படிகிறது.
– உப்பள மேலாளர், தூத்துக்குடி

பேட்டரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லிக் கம்பெனிகளே சொல்கின்றன. என்.எம்.சி. (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) என்றால் தினசரிக்கு 80-ல் நிறுத்துங்கள், நெடும்பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் முழுசாக ஏற்றுங்கள். காரோடு கொடுத்த புத்தகத்தில் இது இருக்கும்.

பச்சை, உப்புக்காற்றால் வருவது. அதைச் சாதாரணமாக விடாதீர்கள். திருப்பூர் வாசகருக்குச் சொன்ன அதே தடைதான் இங்கேயும் உருவாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பின்னின் மேல்பூச்சு போய்விடும். பச்சை படிந்த கன்னைச் சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். இனிமேல் வேலை முடிந்ததும் கன்னின் மூடியை மறக்காமல் போட்டு, வீட்டுக்குள் எடுத்துவையுங்கள். சுவர் சாக்கெட்டையும் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்த்துத் திருகுகளை இறுக்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

*

அம்மாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சென்னை போகும்போது வழியில் ஃபாஸ்ட் சார்ஜிங் போட வேண்டியிருக்கிறது. அவர் காருக்குள் உட்கார்ந்திருக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

உட்காரலாம். பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தவர்களையே கொண்டு ஜெர்மனியில் நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 350 கிலோவாட் வரை தரக்கூடிய ஃபாஸ்ட் சார்ஜர்களில் சோதித்தும் கருவிகளின் வேலையில் தடங்கல் வரவில்லை. இருந்தாலும் கன்னை அம்மா செருக வேண்டாம், நீங்கள் செய்யுங்கள். அந்தக் கேபிள் கனமானது, எடுக்கும்போது நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டிவரும். சார்ஜர் பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கவும் வேண்டாம். அடுத்த முறை இதய மருத்துவரைப் பார்க்கும்போது அம்மாவுக்கு வைத்திருக்கும் கருவியின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது காரிலிருந்து ஃபேன் இரைச்சல் பலமாக வரும், பேட்டரியைக் குளிர்விக்கிற சத்தம் அது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயந்துவிடப் போகிறார்.